நிற்க இடமில்லாத கரை: கிள்ளான் கழிமுகத்தில் மீன்பிடி

கிள்ளான் ஆறு கோலாலம்பூருக்கு வடகிழக்கே உள்ள மலைகளில் தொடங்கி, ஏறத்தாழ 120 கிலோமீட்டர் ஓடி, கிள்ளான் நகருக்குக் கீழே மலாக்கா நீரிணையில் கலக்கிறது. அதன் வாய் திறந்த கடலைப் பார்த்ததில்லை. கேத்தாம் தீவு, கிள்ளான் தீவு, இண்டா தீவு எனச் சதுப்புநிலத் தீவுகள் குறுக்கே கிடக்கின்றன. ஆற்றுநீரும் கடல்நீரும் அவற்றின் இடுக்குகளில் புகுந்து புறப்படுகின்றன. தெற்கே லங்காட் ஆற்றின் வாயும் கேரித் தீவும் இருக்கின்றன. வடக்கே காப்பார், ஜெராம் வழியாகக் கோலசிலாங்கூர் வரை கண்டல் காடும் சேறுமாகத் தாழ்ந்த கரை நீள்கிறது. மேரு இந்தக் கரைக்குச் சற்று உள்ளே, பழைய ரப்பர்த் தோட்டங்களின் நடுவே வளர்ந்த ஊர். அங்கிருந்து தூண்டிலோடு புறப்படுபவர்கள் காப்பார் பக்கம் போய்த்தான் உப்புநீரைத் தொடுவார்கள்.

மலாக்கா நீரிணை வடமேற்கில் அகன்றும் தென்கிழக்கில் ஒடுங்கியும் இருக்கிறது. அந்தமான் கடலிலிருந்து வரும் ஓதம் இந்த ஒடுக்கத்துக்குள் நெருக்கப்படுவதால், கிள்ளான் கரையில் ஏற்றவற்றம் தீபகற்பத்தின் பெரும்பாலான இடங்களைவிட அதிகம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய பெருவோத நாட்களில் ஏற்றத்துக்கும் வற்றுக்கும் உள்ள வேறுபாடு 4 மீட்டரைத் தாண்டும். அட்டமியை ஒட்டி அது ஒன்றரை மீட்டர் அளவுக்குச் சுருங்கும். பாக்கு நீரிணையில் இந்த வேறுபாடு ஒரு மீட்டர்கூட இல்லை. நாகப்பட்டினத்தில் ரஜுலா கப்பல் ஏறி இந்தத் தோட்டங்களுக்கு வந்த தமிழர்களில் கடலோரத்துக்காரர்களுக்கும் இப்படியொரு ஓதம் புதியதாகத்தான் இருந்திருக்கும். நாளுக்கு இருமுறை நீர் ஏறுகிறது, இருமுறை இறங்குகிறது. ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ 50 நிமிடம் பிந்துகிறது. வற்றும்போது கரையிலிருந்து வெகுதூரம் வரை சேறு வெளியே தெரியும். ஏறும்போது அதே நீர் கண்டல் வேர்களுக்கு மேலே நிற்கும்.

இந்த இரண்டு நிலையிலும் கரையில் ஒருவர் காலூன்றித் தூண்டில் போட முடியாது. வற்றில் நீர் எட்டாத தொலைவில் இருக்கிறது, நடந்து போனால் தொடைவரை புதையும். ஏற்றத்திலோ கரையே காட்டுக்குள் போய்விடுகிறது. கிள்ளான் கழிமுகத்தின் மீன்பிடி வரலாற்றில் பெரும்பகுதி இந்த ஒரு சிக்கலுக்கு ஆளாளுக்குக் கண்ட விடைகளின் வரலாறு. கரைத்தூண்டில்காரர் நின்ற இடங்கள் எல்லாம் வேறு யாரோ, வேறு எதற்காகவோ கட்டியவை.

சேற்றுநீரில் உலகெங்கும் மீன்கள் கண்ணை நம்பாமல் வாழத்தான் பழகியிருக்கின்றன. இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் இடையிலான செவர்ன் கழிமுகத்தில் ஓதம் 14 மீட்டர் வரை ஏறும். கலங்கல் நிறைந்த அந்த நீரில் குளிர்காலத்தில் காட் மீனுக்காகக் கரையில் காத்து நிற்பார்கள். காட் வெப்பக்கடலுக்கு வராத மீன். அதன் கீழ்த்தாடையில் ஒற்றை மீசை தொங்கும். கண் உதவாத இடத்தில் இரையைத் தடவிக் கண்டுபிடிக்க அது உதவுகிறது. கிள்ளானில் அதே வேலையை வேறு மீன்கள் வெவ்வேறு உறுப்புகளால் செய்கின்றன. டூரி என்று இங்கே சொல்லப்படும் கெளுத்திக்கு மீசைகள் பல. செனாங்கின் என்னும் காலா மீனுக்கு மார்புத் துடுப்பின் கீழே நூல்நூலான கதிர்கள். கெலாமா என்னும் கத்தாளை காற்றுப்பையை அதிரவைத்து ஒலியெழுப்புகிறது. துணைதேடும் மீன்கள் ஒன்றையொன்று காணாமலே அறிந்துகொள்கின்றன. சியாக்காப், அதாவது கொடுவா, ஆற்றுக்கும் கடலுக்கும் இடையே போய்வரும் வேட்டை மீன்; ஆணாக முதிர்ந்து, பருத்த பிறகு பெண்ணாக மாறுவது. இவற்றோடு மடவை, திருக்கை, துடுப்பு முள்ளில் நஞ்சுள்ள செம்பிலாங். செவர்ன் தூண்டில்காரருக்குக் குளிர்காலம் ஒரு பருவம். கிள்ளானில் அப்படிப் பருவம் எதுவும் இல்லை. இங்கே நாள்காட்டி என்றால் நிலாதான். மே முதல் செப்டம்பர் வரை விடியற்காலையில் மேற்கிலிருந்து பாயும் ‘சுமத்ரா’ சூறைக்காற்று மட்டும் படகுகளைக் கரையிலேயே நிறுத்திவைக்கும்.

துறைமுகம் வருவதற்கு முந்தைய காலத்தில் இங்கே மீன் பிடித்தவர்கள் ஓடும் நீரைத் துரத்தவில்லை. அசையாமல் ஒன்றை நட்டுவைத்துவிட்டு, ஓதமே மீனைக் கொண்டுவந்து தள்ளட்டும் என்று காத்திருந்தார்கள். நீபோங் பனையின் தண்டுகள் உப்புநீரில் எளிதில் அழுகாதவை. அவற்றைச் சேற்றில் வரிசையாக ஊன்றி, இடையே பிரம்பாலும் மூங்கில் சிம்பாலும் பின்னிய தட்டிகளைக் கட்டினால் பெலாட், கேலோங் போன்ற வேலிப்பொறிகள் உருவாகும். ஏற்றத்தோடு கரைப்பக்கம் வந்த மீன், வற்றும்போது வேலியை ஒட்டியே திரும்பிப் போகப் பார்த்து, ஒன்றுக்குள் ஒன்றாய்க் குறுகும் அறைகளுக்குள் சிக்கும். யாழ்ப்பாணக் களப்பின் சிறகுவலையும் பாக்கு நீரிணையின் களங்கட்டியும் இதே அறிவில் பிறந்தவை. அங்கே ஓதம் மெல்லியது என்பதால் மீனின் சொந்த நடமாட்டத்தையே அவை அதிகம் நம்பின. கிள்ளானில் நீரின் வேகமே கூலியாள். பொம்பாங், அம்பாய் என்னும் பைவலைகள் அதை இன்னும் நேரடியாகப் பயன்படுத்தின. இரண்டு கம்பங்களுக்கு இடையே வாய் திறந்து நிற்கும் நீண்ட கூம்பு வலைக்குள் நீர் புகுந்து வெளியேறும். இறாலும் பொடிமீனும் வால்முனையில் தங்கும். பெருவோத நாட்களில்தான் அவற்றுக்கு வேலை.

சிலாங்கூர் அரசுப் பணியில் இருந்த வால்டர் ஸ்கீட் 1900இல் வெளியிட்ட ‘மலாய் மேஜிக்’ நூலில் இந்த வேலிப்பொறிகளைச் சுற்றியிருந்த சடங்குகளைப் பதிவுசெய்திருக்கிறார். பொறியின் கம்பங்களுக்குப் பவாங் என்னும் மந்திரவாதி அரிசிமாவு கரைத்த நீரைத் தெளிப்பார். பொறியின் பக்கத்தில் சில சொற்களை வாயில் எடுக்கக் கூடாது. மீனை இலை என்றும், முதலையை மரக்கட்டை என்றும், பாம்பை உயிருள்ள கொடி என்றும் மாற்றிச் சொல்ல வேண்டும். சேற்றுநீரில் முதலை உண்மையிலேயே மரக்கட்டையாகத்தான் தெரியும் என்பதால் அந்த மாற்றுப்பெயரில் மந்திரத்தோடு கொஞ்சம் அனுபவமும் கலந்திருக்கிறது. கேரித் தீவின் மா மெரி பழங்குடியினர் இன்றும் கடலுக்குப் படையல் வைத்துப் பூஜா பந்தாய் நடத்துகிறார்கள்.

19ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் ஹைனான், தியோச்சூ, ஹொக்கியன் மீனவர்கள் கேத்தாம் தீவில் குடியேறினார்கள். நிலம் என்று எதுவும் இல்லாத இடம். கம்பங்களின்மேல் வீடு, கம்பங்களின்மேல் தெரு. நிற்க இடமில்லை என்ற சிக்கலுக்கு ஓர் ஊரே சேற்றின்மேல் ஏறி நின்று விடை சொன்னது. அவர்கள் காயவைத்த கெலாமா கருவாடும், கூனி இறாலில் செய்த பெலாச்சானும் தோட்டக் கடைகளுக்குப் போயின. தோட்டத் தமிழர்களுக்கு இந்தக் கழிமுகத்தின் மீன் முதலில் அறிமுகமானது தூண்டில் வழியாக இருக்க வாய்ப்பில்லை. கடைக் கணக்கில் எழுதிய கருவாடாகத்தான் இருக்க வேண்டும்.

சேற்றின்மீது நகர்வதற்கும் ஒரு கருவி இருந்தது. தொங்கா என்னும் பலகையின்மேல் ஒரு முழங்காலை ஊன்றி, மற்றொரு காலால் சேற்றை உந்தி வழுக்கிச் சென்று, வற்றின்போது சிப்பி பொறுக்குவார்கள். இங்கிலாந்தின் சாமர்செட் கரையில் ஸ்டோல்ஃபர்ட் என்ற ஊரில் மீனவர்கள் ‘சேற்றுக் குதிரை’ எனப்படும் மரச்சறுக்கலைத் தள்ளிக்கொண்டு கம்ப வலைகளுக்குப் போய்வந்தார்கள். ஒருவரையொருவர் கேள்விப்பட்டிராத இரண்டு கரைகள், ஒரே சேறு, ஏறத்தாழ ஒரே பலகை.

கரையின் உருவத்தை மாற்றியது துறைமுகம். கோலாலம்பூரிலிருந்து புறப்பட்ட ரயில்பாதை 1886இல் கிள்ளானுக்கு எதிரே புக்கிட் கூடா வரை வந்தது. 1890இல் ஆற்றைக் கடந்தது. ஆற்றுக்குள் பெரிய கப்பல் வர முடியவில்லை. மேலே அம்பாங், கோலாலம்பூர்ப் பகுதிகளின் ஈயச் சுரங்கங்கள் கழுவிவிட்ட மணலும் மண்ணும் ஆற்றோடு இறங்கிக்கொண்டிருந்தன. ஆகவே துறைமுகம் ஆற்றின் வாய்க்கே கொண்டுபோகப்பட்டு, 1901 செப்டம்பரில் போர்ட் சுவெட்டன்ஹாம் என்ற பெயரில் திறக்கப்பட்டது. திறந்த கையோடு மலேரியா வந்தது. கண்டல் காட்டை வெட்டிய இடத்தில் ஓதநீர் தேங்கிக் கொசு பெருகியது. வேலையாட்கள் கூட்டங்கூட்டமாகப் படுத்தார்கள். அந்த ஆண்டின் தொடக்கத்தில் கிள்ளான் மாவட்ட மருத்துவராக வந்திருந்த மால்கம் வாட்சன் காட்டை அழித்து, வடிகால் தோண்டி, ஓதம் உள்ளே வராமல் சுற்றிலும் கரை எழுப்பச் சொன்னார். காய்ச்சல் இறங்கியது. வெப்பமண்டல மருத்துவ வரலாற்றில் அது பெரிய நிகழ்ச்சி. மீன்பிடி வரலாற்றில் அதன் பக்கவிளைவு ஒன்று: சேற்றுக்கும் நீருக்கும் நடுவே ஒரு மனிதன் செருப்போடு நிற்கக்கூடிய உயரமான மண்வரம்பு.

துறைமுகத்துக்காகச் செய்ததைத் தோட்டங்கள் பெரிய அளவில் செய்தன. காப்பாரில் வலம்புரோசா, கிள்ளான் பக்கம் புக்கிட் ராஜா, கோல்கொண்டா, ஹைலண்ட்ஸ் என 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர் பரவிய நிலத்தில் பெரும்பகுதி கடலோரக் களிமண். கேரித் தீவின் நிலம் பெருவோத மட்டத்துக்குக் கீழே கிடந்தது. சுற்றிக் கரை கட்டாமல் அங்கே எதையும் நட முடியாது. நிலத்தைக் குறுக்கும் நெடுக்கும் வாய்க்கால்கள் அறுத்தன. வாய்க்கால்கள் பெருவாய்க்காலில் சேர்ந்தன. பெருவாய்க்கால் கடல்கரையை முட்டும் இடத்தில் மதகு நின்றது. 1932இல் வடிகால், நீர்ப்பாசனத் துறை அமைக்கப்பட்டபின் தோட்டங்களுக்கு வெளியேயும் இத்தகைய கரைகளும் மதகுகளும் அரசுச் செலவில் பெருகின. இவற்றைத் தோண்டியவர்களிலும் கட்டியவர்களிலும் கங்காணிகள் வழியாகத் தஞ்சை, திருச்சி, சேலம், வட ஆர்க்காடு மாவட்டங்களிலிருந்து வந்த தமிழர்கள் ஏராளம். மீனவச் சாதியினர் அவர்களிடையே குறைவு; ஏரியிலும் ஆற்றிலும் மீன் பிடித்துப் பழகிய உழவுக்குடிகள் பெரும்பாலோர். அவர்கள் கையில் இருந்தது குளத்துத் தூண்டில் அறிவு. அதைக் கடலுக்குப் பொருத்திக் கொடுத்தது மதகு.

மதகின் கதவு ஓதம் ஏறும்போது கடல்நீரின் அழுத்தத்தாலேயே மூடிக்கொள்ளும். வற்றத் தொடங்கி வெளிமட்டம் உள்மட்டத்தைவிடத் தாழ்ந்ததும் வாய்க்கால் நீர் அதைத் தள்ளித் திறக்கும். அந்த நேரத்தில் தோட்டத்தின் நன்னீர், இறால், பொடிமீன், புழுப்பூச்சி எல்லாம் ஒரே பாய்ச்சலில் வெளியே கொட்டும். கொடுவா அதை அறிந்து வெளிப்பக்கக் குழியில் காத்திருக்கும். ரப்பர் வெட்டு விடியுமுன் தொடங்கி நண்பகலுக்குச் சற்றுப் பின் முடிவது. பாலை நிறுத்துக் கொடுத்தபின் மாலை முழுவதும் தொழிலாளியின் கையில். மாலையில் வற்று வரும் நாட்கள் எவை என்று திதி போட்ட நாள்காட்டியைப் பார்த்துக் கணக்குப் போட்டுவிடலாம். தோட்டத்து லயங்களில் மாட்டியிருந்த தமிழ் நாள்காட்டிகளில் அமாவாசை விரதத்துக்கும் மீனுக்கும் சேர்த்தே தேதி பார்க்கப்பட்டது. அமாவாசையன்று மீன் சமைக்காத வீடுகளுக்கு இதில் ஒரு சிறு இடைஞ்சல் உண்டு. மதகுக் கரையில் நீர் நன்றாக ஓடுவதும் அந்த நாளை ஒட்டித்தான்.

கருவிகள் எளியவை. மூங்கில் கழி மதகுக்குப் போதும். ஆற்றுவாயில் ஆழத்துக்குப் போட வேண்டுமானால் கைக்கயிறு. பால்டின்னில் சுற்றிவைத்த பருத்திக் கயிறு, நுனியில் ஈயக்குண்டு, குண்டு இல்லாவிட்டால் பழைய இரும்பு நட்டு. பருத்தி வலைகளையும் கயிறுகளையும் நீரில் அழுகாமலிருக்கக் கண்டல் மரப்பட்டைச் சாயத்தில் ஊறவைப்பது அன்றைய வழக்கம். ஓதம் வேகமாக ஓடும்போது உருண்டைக் குண்டு அடியில் நிற்காமல் உருண்டு கரைக்கே வந்துவிடும். ஆகவே பெருவோதத்தில் ஏற்றமும் வற்றமும் திரும்பும் இடைவெளியில்தான், நீர் சற்று நேரம் தயங்கி நிற்கும்போது, ஆழத் தூண்டில் பயன்படும். அட்டமி பக்கம் நீர் மெதுவாக ஓடும் நாட்களுக்கு மலாய்க்காரர்கள் ‘ஆயர் மாத்தி’ என்பார்கள். பைவலைக்காரனுக்கு ஓய்வான அந்த நாட்கள் தூண்டில்காரனுக்கு வேலை நாட்கள். ஒரே கரையில் இரு தொழில்கள் மோதாமல் இருந்ததற்கு நிலா ஒரு காரணம்.

இரைக்குத் தோட்டத்து மண்புழு நன்னீரில் உதவும், உப்புநீரில் விரைவில் செத்துவிடும். அங்கே மதிப்புள்ளது பும்புன் என்னும் சேற்றுப்புழு. கண்டல் ஓரத்துச் சேற்றில் வளைகண்டு தோண்டியெடுக்க வேண்டும். மா மெரி மக்களும் மலாய்க் கிராமத்து மக்களும் அதில் தேர்ந்தவர்கள். இன்றும் கோல லங்காட் பக்கத்து இரைக்கடைகளில் அது விற்கிறது. கெலாமா, டூரி, செம்பிலாங் மூன்றும் அதன் வாசனைக்கு வரும். கொடுவாவுக்கு உயிருள்ள இறால் வேண்டும். செம்பிலாங் கடித்தால் கையால் தொடாமல் தூண்டில் கயிற்றையே அறுத்துப்போடுவது நல்லது. அதன் முள் குத்தினால் வலி ஒரு நாள் முழுக்கப் போகாது. புளி கரைத்து வைத்த செம்பிலாங் குழம்பு பிடித்தவனின் பாட்டை மறக்கவைக்கும் என்பதால் யாரும் அப்படி அறுத்துப்போட்டதாகத் தெரியவில்லை.

சேறு படைகளையும் விடவில்லை. ஜப்பானியர் சரணடைந்தபின் 1945 செப்டம்பர் 9 அன்று பிரிட்டிஷ் இந்தியப் படைகள் கிள்ளானுக்குத் தெற்கே மோரிப் கரையில் இறங்கின. போருக்காகவே திட்டமிட்டிருந்த தரையிறக்கம் அது. மேலே மணலாகத் தெரிந்த கரையின் அடியில் சேறு கிடந்தது. வண்டிகள் பல புதைந்து நின்றன. எதிரி சுடவில்லை என்பதால் அது கேலிக்குரிய நிகழ்ச்சியாக முடிந்தது. கரையோர மீனவர் ஒருவரைக் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

போருக்குப் பிறகு வந்த மாற்றங்களில் 1950களில் பரவிய நைலான் முதலாவது. பட்டைச் சாயம் தேவையற்றுப்போனது. மெல்லிய இழை வேகமாக ஓடும் நீரிலும் குறைவாகவே இழுபட்டதால் சிறிய குண்டோடு தொலைவில் போட முடிந்தது. ஃபைபர் கிளாஸ் கழிகளும் சுழலும் ரீல்களும் பின்னாலேயே வந்தன. 1960களில் மேற்குக் கரையில் இழுவை மடிப் படகுகள் பெருகியதும் கதை மாறியது. கரைக்கு அருகிலேயே அவை சேற்றை உழுது இறாலை வாரின. பேராக், பினாங்கு, சிலாங்கூர்க் கரைகளில் சிறு மீனவர்களுக்கும் அவற்றுக்கும் நடந்த மோதல்களில் படகுகள் மூழ்கின, உயிர்கள் போயின. 1980களின் தொடக்கத்தில் கடல் வலயங்களாகப் பிரிக்கப்பட்டு, கரையிலிருந்து 5 கடல்மைல் வரை மரபுவழி மீன்பிடிக்கு ஒதுக்கப்பட்டது. 1985இன் மீன்வளச் சட்டம் அந்த ஒழுங்குக்குச் சட்ட பலம் தந்தது. சட்டத்தை மீறி இரவில் கரைக்கு நெருங்கும் படகுகளைப் பற்றிய புகார்கள் அதன்பின்னும் ஓயவில்லை.

சேற்றுத்திட்டுகளும் விளைநிலமாயின. 1940களின் இறுதியில் பேராக் கரையில் தொடங்கிய கெராங் சிப்பி வளர்ப்பு கோலசிலாங்கூருக்கும் பரவியது; தொங்காவின் இடத்தைப் படகில் கட்டிய வாரிகள் பிடித்தன. 2010க்குப் பின் நாட்டின் சிப்பி விளைச்சல் கடுமையாகச் சரிந்தது. ஆறுகளில் கலக்கும் கழிவின்மீதுதான் பெரும்பாலோர் பழி சொன்னார்கள்.

துறைமுகத்தை 1963 வரை ரயில்வே நடத்தியது. பிறகு தனி ஆணையம் ஏற்றது. 1972இல் அதன் பெயர் போர்ட் கிள்ளான் ஆனது. வடக்கே புதிய ஆழ்துறைகளும், 1990களின் நடுவில் இண்டா தீவில் மேற்குத் துறைமுகமும் எழுந்தன. தூண்டில்காரருக்கு இவை கொடுத்ததும் எடுத்ததும் சேர்ந்தே நடந்தன. துறைமுகச் சுவரின் அடியில் ஆழம் உண்டு, நிழல் உண்டு, கம்பங்களில் ஒட்டும் சிப்பிகளைத் தின்னவரும் மீன் உண்டு. துறைமுகத் தொழிலாளர்கள் வேலை முடிந்து அங்கேயே கயிறு போட்ட காலம் இருந்தது. 2004 ஜூலையில் கப்பல், துறைமுகப் பாதுகாப்புக்கான பன்னாட்டு விதிகள் நடைமுறைக்கு வந்தபின் வேலிகள் இறுகின. காப்பாரில் 1980களின் நடுவில் இயங்கத் தொடங்கிய சுல்தான் சலாஹுடின் அப்துல் அசிஸ் ஷா மின்நிலையம் கண்டல் கரையில் ஒரு பெரிய துண்டை எடுத்துக்கொண்டது. அதன் சாம்பல் குட்டைகளில் ஓதம் ஏறும் நேரத்தில் வலசைப் பறவைகள் ஆயிரக்கணக்கில் வந்து அமர்கின்றன. சேற்றை இழந்தவை சாம்பலில் இடம் கண்டுகொண்டன.

தோட்டங்கள் கலைந்தது இன்னொரு திருப்பம். 1980களுக்குப் பிறகு மேரு, காப்பார், புக்கிட் ராஜா நிலங்கள் தொழிற்பேட்டைகளாகவும் வீடமைப்புகளாகவும் மாறின. பெருவாய்க்கால்கள் அதே இடத்தில்தான் ஓடுகின்றன. தோட்டத்து நீருக்குப் பதில் ஊரின் கழிவுநீர் மதகைத் தள்ளித் திறக்கிறது. கொடுவா வேண்டுவோருக்காகக் கிள்ளான் பள்ளத்தாக்கில் கட்டணக் குளங்கள் பெருகியிருக்கின்றன. பண்ணையில் வளர்ந்த மீனை மணிக்கணக்கில் காசு கொடுத்துப் பிடிக்கலாம், ஓதம் பார்க்கத் தேவையில்லை. கழிமுகத்திலேயே நிற்க விரும்புவோர் வடதுறைமுகத்துக்கு அருகே தஞ்சோங் ஹாராப்பான் கரைச்சுவரிலும், இண்டா தீவுக்குப் போகும் வழியிலும், ஜெராம், சுங்கை ஜாங்குட் ஓரங்களிலும் நிற்கிறார்கள். காப்பாரின் தோக் மூடா கிராமத்தில் பெருவோத நாட்களில் கடல் பழைய மண்கரையைத் தாண்டி வீடுகளுக்குள் வந்திருக்கிறது. அங்கே கரையை உயர்த்துவதும் பலப்படுத்துவதும் வடிகால் துறையின் வேலைப்பட்டியலில் மீண்டும் மீண்டும் இடம்பெறுகின்றன.